பிடரியில் ஒரு கை தண்ணீர்

கத்திரி வெயிலில் கள்ளக்குறிச்சியில் வெந்நீர் வைத்துக் குளிப்பவர் யாராவது உண்டா? மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே கையைச் சுடும். நாங்களெல்லாம் விடியலில் பிடித்து நிழலில் வைத்து, ஆறின பிறகுதான் உடம்பில் ஊற்றுவோம். எங்கள் காம்பவுண்டில் ஒருத்தி மட்டும் அந்த வெயிலிலும் அடுப்பை மூட்டித் தண்ணீர் காய்ச்சிக் குளித்தாள். குளித்து முடித்ததும் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். புதிதாகக் குடிவந்தவர்கள், "அந்தக்காவுக்கு இன்னா, வாதமா?" என்று என்னிடம் விசாரிப்பார்கள். ஆமாம், வாதம்தான் என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிப்பேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டும் நேராக வராது.

அவளுக்குப் பெயர் உண்டு. எழுத மனம் வரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவள் என்பதால் காம்பவுண்டில் எல்லோருக்கும் மலையக்கா. வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏறி இறங்கி நடந்தால் அவள் ஊர் வரும். இங்கே கமிஷன் மண்டியில் மக்காச்சோளம் கூட்டி அள்ளி மூட்டை பிடிக்கிற வேலை. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் சோளத் தூசி. என் வீட்டுக்காரர் லாரியில் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் எனக்குப் பேச்சுத் துணையும் சண்டைத் துணையும் அவள்தான்.

அவள் ஊர்க் காளிக்கு ஆடு நேர்ந்துவிட்டால் கொண்டுபோய்ச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை ஆட்டின் பிடரியில் ஊற்றுவார். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை கத்தியை யாரும் தொடக் கூடாது. கூட்டமே ஆட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் ஆட்டுக்குச் செய்வதைத் தனக்கே செய்துகொள்கிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எதை முடிவு செய்வதென்றாலும் ஒரு கை தண்ணீரை எடுத்துத் தன் பிடரியில் விட்டுக்கொள்வாள். கண்ணை மூடிக் கேள்வியை உள்ளுக்குள் கேட்பாள். முதுகில் குளிர் இறங்கி உடம்பு சிலிர்த்தால் சரி. சிலிர்க்காவிட்டால் அந்தக் காரியம் அத்தோடு முடிந்தது. யார் வந்து கெஞ்சினாலும் நடக்காது.

"தண்ணி ஊத்துனா எந்த ஆடுதான்க்கா சிலுப்பாது?" என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"உனுக்குத் துணி வெட்டத் தெரியும். அத்தோட வுடு" என்பாள்.

வீடு பார்க்க வந்த அன்றே இந்தக் கூத்தைப் பார்த்தேன். அவள் பையன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, புத்தகப் பையும் ஒரு துணி மூட்டையுமாக நின்றான். வீட்டுக்காரம்மா வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாம் சொல்லி முடித்ததும் இவள், "ஒரு சொம்புத் தண்ணி குடுங்க" என்றாள். குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கொஞ்சம் பிடரியில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். வெயில் தாக்கி மயக்கம் வருகிறதாக்கும் என்று நான் தாங்கிப் பிடிக்கப் போனேன். தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். "இந்த வூடே போதுங்க" என்றாள். அதற்கு முன் எத்தனை வீடு பார்த்தாளோ, எத்தனை சொம்புத் தண்ணீர் வாங்கினாளோ தெரியாது.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவில் ஏற இருந்தோம். நான் ஏறி உட்கார்ந்தேவிட்டேன். அவள் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து பிடரியில் ஊற்றிக்கொண்டு, "வாணாம், எறங்கு" என்றாள். வண்டியில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். இறங்கினேன். அடுத்த வண்டி வர ஒரு யுகம் ஆயிற்று. மறுநாள் அந்த ஆட்டோக்காரனைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். ஒரு பஞ்சர்கூட ஆகாமல் போய்ச் சேர்ந்திருந்தான். இவளிடம் வந்து சண்டை போட்டேன்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலன்னா என் ஒடம்பு பொய் சொல்லிச்சின்னு அர்த்தமா? நாமதான் ஏறலியே" என்றாள்.

இதையெல்லாம் சிரித்தே தள்ளியிருப்பேன். ஆனால் அவள் மலையை விட்டு இறங்கிய கதையைக் கேட்ட பிறகு அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியவில்லை. புருஷன் குடிகாரன். குடித்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். பெற்றவர்கள் அனுசரித்துப் போ என்றார்கள், ஊர் பொறுத்துக்கொள் என்றது. "என் மண்டையும் அத்தயேதான் சொல்லிச்சி தங்கச்சி" என்றாள். ஒருநாள் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, தண்ணீரை அள்ளிப் பிடரியில் விட்டு, இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டாளாம். உடம்பு கல்லு மாதிரி இருந்ததாம். மறுபடி அள்ளிவிட்டு, போய்விடட்டுமா என்று கேட்டாளாம். "தலமயிரு வரைக்கும் சிலுத்துக்குச்சி. ஈரத்துணிய அப்படியே கல்லு மேல வுட்டுட்டுப் புள்ளயக் கூட்டிக்கினு எறங்கிட்டன்." சட்டையை விலக்கித் தோளில் இருந்த தழும்பைக் காட்டினாள். அன்றைக்கு மண்டை சொன்னதைக் கேட்டிருந்தால் அவள் இருந்திருக்க மாட்டாள். அது எனக்கும் தெரிந்தது.

ஒரு மார்கழியில் யாருக்கும் தெரியாமல் நானும் ஊற்றிப் பார்த்தேன். பழைய தையல் மிஷின் ஒன்று விலைக்கு வந்தது, வாங்கலாமா என்று கேட்டேன். பல் கிட்டியது. வாங்கினேன். வாரம் முழுக்க நூலை அறுத்துத் தள்ளியது. இதை அவளிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கெல்லாம் முறை இருக்கிறதாம். குளிர் மாதத்தில் காலையில் கேட்கக் கூடாது. உச்சி வெயிலில், வெயில் குடித்த தண்ணீரில்தான் கேட்க வேண்டும். பசியோடு கேட்கக் கூடாது. அழுகையோடு கேட்கக் கூடாது.

"காய்ச்சல்ல கேக்கவே கூடாது. அப்ப ஒடம்பு பேசாது, காய்ச்சல்தான் பேசும். ரெண்டும் ஒரே மாரிதான் இருக்கும், ஏமாந்துருவ" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் வாயாலேயே சொன்னாள். நான் என் காதாலேயே கேட்டேன்.

பையன் வளர்ந்தான். பிளஸ் டூ முடித்து ஒரு ஜவுளிக்கடையில் நின்றான். நல்ல பிள்ளை. நான் ஊசியில் நூல் கோக்கத் திணறினால், "குடு சின்னம்மா" என்று வாங்கிக் கோத்துக் கொடுப்பான். ஒரு பைக் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை. அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து ஒருத்தன் வந்தான். அவளுக்குத் தூரத்து உறவு, பையன் மாமா என்று கூப்பிடுவான். குடகுப் பக்கம் மிளகு பறிக்க ஆள் எடுப்பதாகச் சொன்னான். மலையிலிருந்து மிளகுக்கும் காப்பிக்கும் ஆட்கள் போவது வழக்கம்தான், வண்டி வைத்துக் கூட்டிப்போவார்கள், சீசன் முடிந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். பையன் ஒற்றைக் காலில் நின்றான். இவள், "கேட்டுச் சொல்றன்" என்றாள்.

கேட்கப் பயந்துகொண்டு நாளைக் கடத்தினாள். பறந்து பறந்து வேலை பார்க்கிறவள், மண்டியிலிருந்து வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். கவலையில்தான் இப்படி அசந்து கிடக்கிறாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வண்டி மறுநாள் கிளம்புகிறது என்றதும், அன்று உச்சி வெயிலில் வாசலுக்கு வந்தாள். முறைப்படி காலையிலேயே வெயிலில் வைத்த வாளி. முறைப்படி சாப்பிட்டிருந்தாள். பையன் வாசற்படியில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

ஊற்றினாள். ஊற்றின கை கீழே இறங்கவில்லை, அதற்குள் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. தோள், முதுகு, முழங்கால் எல்லாம் ஆடின. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வெயிலில், அந்தச் சுடுதண்ணீரில்! எனக்கே உடம்பு புல்லரித்தது. அவள் கண்ணைத் திறந்தபோது கண்ணில் நீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு.

"இப்படி ஒருநாளும் வந்ததில்ல தங்கச்சி. மலய வுட்டு எறங்குன அன்னிக்குக்கூட இப்படி வரல. போடா, போய்ட்டு வா. உனுக்கு நல்லதுதான் நடக்கும்."

பையன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "இன்னாம்மா, ஒடம்பு சுடுது" என்றான். "வெயில்ல நிக்கிறன்ல" என்றாள். மறுநாள் விடிந்ததும் வேன் வந்தது. என்னிடமும் சொல்லிக்கொண்டு ஏறினான்.

வேன் போன அன்று மத்தியானம் அவள் மண்டிக்குப் போகவில்லை. எட்டிப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். வந்து சில நாளாகவே உடம்பில் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவள் ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சலைன் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே போனைத் தேடினாள்.

பையன் எடுத்தான். நானும் காதை வைத்துக் கேட்டேன். வண்டி இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

"யம்மா, எங்கப் போறோம்னு தெரில. போர்டெல்லாம் தெலுங்குல இருக்குது. மாமாவக் கேட்டா சும்மா வாடாங்கறாரு."

"எறங்குடா. எறங்கி வந்துரு சாமி. வண்டிய நிறுத்தச் சொல்லுடா!"

"போன வாங்கறாங்கம்மா, அப்பறமா பேசறன்." அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த எண் அடிக்கவே இல்லை.

தெலுங்கு போர்டு என்றால் மலையில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். மிளகு என்று சொல்லி ஏற்றுவார்கள், ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிடுவார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். சிலர் எந்த ஜெயிலில் இருக்கிறார்கள் என்று வீட்டார் வக்கீல் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிலரைப் பற்றி ஊரில் பேச்சே வராது, அவர்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் வேகமாக நடப்பார்கள்.

அந்த மாமனைத் தேடிப் போனோம். வடக்கனந்தல் தாண்டி மலை ஏறுகிற பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள், சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. அவன் வீட்டில் பூட்டு தொங்கியது. அவள் பூட்டைப் பிடித்து ஆட்டி ஆட்டி உள்ளங்கை கிழிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் வீட்டுக் கோழிக்கூட்டை எட்டி உதைத்தேன். போலீசில் எழுதிக் கொடுத்தோம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். சின்னசேலம் ஸ்டேஷனில், ரயிலிலிருந்து இறங்குகிற பையன்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த நாட்களும் உண்டு. அவன் ரயிலில் வருவான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் போனோம்.

அதற்குப் பிறகுதான் அவள் வெந்நீருக்கு மாறினாள். துண்டும் அப்போது கட்டினதுதான். மழை தூறினால் நடுரோட்டில் நின்று இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொள்வாள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"இத்தினி வருசமா எல்லாத்தயும் கேட்டியே, இத்தக் கேட்டுத்தான் பாரேன்க்கா."

"இன்னான்னு கேக்கச் சொல்ற?" என்றாள். "உசுரோட கீறானான்னா? கேட்டு, ஒடம்பு கம்முனு இருந்துச்சின்னா நான் இன்னா பண்ணுவன்? சிலுத்துக்குச்சின்னாதான் இன்னா, இந்த ஒடம்ப இனிமே எப்படி நம்புவன்? இதானே போடான்னு அனுப்பிச்சி?"

தன் கையைத் தானே ஓங்கி அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவளைப் பார்த்து அழுதது போக, தனியாக உட்கார்ந்தும் நான் அழுதிருக்கிறேன்.

ஆடியில் அவள் ஊர்ச் சொந்தங்கள் பையனுக்காகக் காளிக்கு ஒரு கருப்புக் கிடா நேர்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். பூசாரி கிடாவின் பிடரியில் தண்ணீரை ஊற்றி, "ஆத்தா, புள்ள திரும்பி வருவானா, சொல்லும்மா" என்று சத்தமாகக் கேட்டார். கிடா எதையோ மென்றுகொண்டு எங்களையே பார்த்தது. இரண்டாவது சொம்பு ஊற்றினார். கிடா அசையவில்லை. அவர் மூன்றாவது சொம்பை எடுத்ததும் இவள் பாய்ந்துபோய்க் கயிற்றைப் பிடுங்கினாள்.

"போதும், வுடுங்க! அது ஒண்ணும் சொல்ல வாணாம்!"

சாமி குத்தம் என்று பெரியவர்கள் கத்தினார்கள். பாதியில் நிறுத்தினால் ஊருக்கே ஆகாது என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. முந்தானையால் கிடாவின் பிடரியைத் துடைத்துக்கொண்டே தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் ஆட்டை ஏற்ற மாட்டேன் என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கம்மா என்றார். அன்றிலிருந்து அந்தக் கிடா எங்கள் காம்பவுண்டில் முருங்கை மரத்தடியில் நின்றது. மேகம் கறுத்தால் அதன் முதுகில் சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டுத்தான் மண்டிக்குப் போவாள். அவளுக்குத் துண்டு, அதற்குச் சாக்கு. வீட்டுக்காரம்மாகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அவள் இங்கே இல்லை. கிடாவை ஓட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள். "எங்கிருந்து தப்பிச்சாலும் மொதல்ல மலைக்குத்தான் வருவான். இங்க வந்தான்னா நீ ஏத்தி அனுப்பு" என்றாள். பையன் இன்னும் வரவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் நான் மிஷினை நிறுத்துகிறேன்.

அவள் போவதற்கு முன்னால் வந்த கோடையில் ஒரு மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். மண்டிக்கு லீவு. அவள் குளித்துவிட்டு வந்து, ஈரமான துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் வாசலோரம் மிஷினில் யாருடையதோ புதுப்புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. கிடாவின் முதுகில் சாக்கு இல்லை. அது கத்தியது. அவள் துண்டை அப்படியே போட்டுவிட்டு மழைக்குள் ஓடினாள். கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. குனிந்து பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தாள்.

கிடா உடம்பைச் சிலுப்பியது. காதிலிருந்து வால்வரை சிலுப்பியது. தண்ணீர் என் மிஷின்வரை தெறித்தது.

அவள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, பாத்தியா?" என்றாள். "இப்ப சிலுப்பிச்சே, அது மழைக்கா, அவனுக்கா?"

தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடுதான் சிலுப்பாது என்று அவளை வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தவள் நான். அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"தெரிலக்கா" என்றேன்.

அப்போதுதான் அவளுக்குத் தன் கழுத்தில் துண்டு இல்லை என்பது உறைத்தது. மழை நேராகப் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கப் பார்த்தாள், கை வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பையன் போன நாளிலிருந்து அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அவளை மீறி உள்ளே எழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நானும் வாயைத் திறந்தபடி அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிலிர்க்கிறதா, இல்லையா? இதையெல்லாம் நம்பாத நான்தான் பார்த்தேன்.

அடுத்த கணம் மிஷினிலிருந்து புடவையை நூலோடு பிய்த்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். அவள் உடம்பு எதையும் சொல்லிவிடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பில் இருந்தது. யாருடையதோ புதுப்புடவையை அவள் பிடரியில் போட்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.